அலறலுக்குத் துணை

முதல் தடவை கேட்டபோது மூன்றாவது நிமிடத்தில் நிறுத்திவிட்டேன். ராத்திரி பதினொன்றரை மணி, காதில் ஹெட்ஃபோன். ‘என்னய்யா இது, வாசிக்கிறாரா அழுகிறாரா?’ என்றுதான் தோன்றியது. ஆல்பர்ட் அய்லரின் ‘ஸ்பிரிச்சுவல் யூனிட்டி’. மொத்தமே அரை மணி நேரம்தான். கடைசிவரை கேட்க எனக்கு இரண்டு வருடம் ஆனது.

1964 ஜூலை 10, நியூயார்க். டெனர் சாக்ஸபோனில் அய்லர், பாஸில் கேரி பீகாக், டிரம்ஸில் சன்னி மர்ரே. எட்டு நாள் முன்புதான் குடிமை உரிமைகள் சட்டம் கையெழுத்தாகியிருந்தது. ஆறு நாள் கழித்து அதே ஊரில் பதினைந்து வயதுக் கறுப்பினச் சிறுவனைப் போலீஸ் அதிகாரி ஒருவர் சுட்டுக் கொன்றார், ஹார்லெம் கொந்தளித்தது. ஆல்பத்தில் இதைப் பற்றி ஒரு சொல் கிடையாது. பாடல் வரிகளே கிடையாது. ஆனால் அந்தக் காற்றில்தான் அது பதிவானது.

ஆல்பம் தொடங்குவதும் முடிவதும் ‘கோஸ்ட்ஸ்’ என்ற ஒரே மெட்டின் இரு வடிவங்களில். குழந்தைகூடப் பாடிவிடும் மெட்டு. அய்லர் சிறுவயதில் அப்பாவோடு தேவாலயத்தில் வாசித்தவர், பிறகு ராணுவ பேண்டில் இருந்தவர். இரண்டின் எளிமையும் அதில் இருக்கிறது. அப்புறம் மெட்டு உடைகிறது. சுரங்கள் கரைந்து அலறலாகின்றன.

வழக்கமான ஜாஸில் டிரம்ஸ் காலத்தைப் பிடித்துக்கொள்ளும், பாஸ் தரையைப் போட்டுத் தரும். தனியாக ஓடுகிறவருக்கு வீடு எங்கே என்று தெரியும். இங்கே மர்ரே தாளத்தை எண்ணித் தருவதில்லை. சிம்பல்கள் நிற்காமல் அதிர்ந்தபடி இருக்கின்றன. பீகாக்கும் பின்னால் நிற்பதில்லை. இரண்டு பேரும் அய்லரை அடக்கவில்லை, இழுத்துப் பிடிக்கவில்லை. கூடவே போகிறார்கள்.

கறுப்பினத் தேவாலயங்களில் பிரார்த்தனை சூடேறும்போது ஒருவருக்கு வார்த்தை உடைந்து முனகலாகும், கூவலாகும். யாரும் ‘சும்மா இரு’ என்று சொல்வதில்லை. பக்கத்தில் இருப்பவர்கள் குரல் கொடுப்பார்கள். இது புரிந்த பிறகுதான் எனக்கு இந்த ஆல்பம் திறந்தது. சத்தம் என்று நான் நினைத்தது, ஒருவரின் அலறலை மற்ற இருவர் தாங்கிக்கொள்வது.

1967-ல் ஜான் கோல்ட்ரேனின் இறுதிச் சடங்கில் அய்லர் வாசித்தார். கோல்ட்ரேனே கேட்டுக்கொண்டது அது. 1969-ல் அவர் பதிவு செய்த ஓர் ஆல்பத்தின் பெயர், இசைதான் பிரபஞ்சத்தைக் குணமாக்கும் சக்தி என்கிறது. அடுத்த வருடம் நவம்பரில் ஈஸ்ட் ஆற்றில் அவர் உடல் கிடைத்தது. வயது 34.

அப்படியென்றால் இசை யாரைக் குணமாக்கியது? இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக எனக்கு வழி தெரியவில்லை. அவரை அது காப்பாற்றவில்லை. ஆனால் அந்த ஜூலை நாளில், அலறி முடித்துவிட்டு அவர் மறுபடி அந்தச் சின்ன மெட்டுக்குத் திரும்பும்போது, மற்ற இருவரும் அங்கேயே இருக்கிறார்கள். இப்போதெல்லாம் நான் அந்த இடத்துக்காகத்தான் கேட்கிறேன்.