கடைக்குப் போனவர்

பாடாலூரில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஒரு வேலை விஷயமாகக் கொத்தனார் ஒருவரைத் தேடிக்கொண்டிருந்தேன். சாயங்காலம் ஆறு மணி இருக்கும். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெரியவரிடம் விசாரித்தேன்.

"அவரு கடைக்குப் போயிருக்காரு தம்பி. இனிமே பாத்துப் பிரயோசனம் இல்ல. காலையில வாங்க."

எந்தக் கடை என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. எங்களைச் சுற்றி உரக்கடை, மளிகைக்கடை, செல்போன் கடை, டயர் கடை என்று வரிசையாக இருந்தன. நாங்கள் பேசிக்கொண்டிருந்ததே ஒரு கடையில்தான். ஆனாலும் அடைமொழி எதுவும் இல்லாமல் 'கடை' என்று சொன்னால் அது ஒன்றே ஒன்றுதான் என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது. திரும்பி வரும்போது திருச்சி–சென்னை சாலையில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. அவற்றைச் சரக்கு லாரி என்று நாம் சொல்கிறோம். அந்தச் 'சரக்கு' என்ற சொல்லுக்கும் இதே கதிதான் என்று அப்போது தோன்றியது. 'தண்ணி'யைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

கடை என்ற சொல்லுக்குப் பழைய பொருள் விளிம்பு, முடிவு, வாசல். கடைசி, கடைக்கண், கடைக்குட்டி எல்லாம் அந்த வழியில் வந்தவை. சங்கப் பாடல்களில் கடை என்றால் பெரும்பாலும் வீட்டு வாயில். பரிசில் கேட்டு வரும் புலவன் நிற்பது அங்கேதான். பொருள் விற்கும் இடத்துக்கு அன்று அங்காடி, ஆவணம் என்ற சொற்கள் இருந்தன. பகலில் நாளங்காடி, இரவில் அல்லங்காடி. வாசலில் பரப்பி விற்றதால் வாசலின் பெயரே விற்கும் இடத்துக்கு வந்திருக்கலாம் என்பது என் எண்ணம். இந்தச் சொல் கடலும் தாண்டியது. மலாய் மொழியில் 'கெடாய்', சிங்களத்தில் 'கடே', இரண்டும் நம் கடைதான். மலேசியாவில் 'கெடாய் கோப்பி' என்றால் காபிக்கடை. அங்கே சொல் இன்னும் கெட்டுப்போகவில்லை.

குடிக்கும் இடத்துக்குத் தமிழில் பெயர்ப் பஞ்சம் வந்தது பிற்காலத்தில்தான். குடிக்கும் பொருளுக்கோ அன்று அள்ள அள்ளக் குறையாத பெயர்கள்: கள், நறவு, தேறல், மட்டு, தோப்பி, பிழி. தேறல் என்றால் தெளிந்தது. தோப்பி அரிசியில் செய்தது. களி, களிப்பு என்று நாம் மகிழ்ச்சிக்குச் சொல்லும் சொற்களே கள்ளோடு ஒட்டிப் பிறந்தவை. திருக்குறள் 93-ஆம் அதிகாரத்தில் கள்ளைக் கண்டிக்கிறது. கண்டிக்க ஓர் அதிகாரமே வேண்டியிருந்தது என்பதையும் கவனிக்க வேண்டும்.

கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பட்டினப்பாலையில் ஓர் இடம் இருக்கிறது. கரிகாலனின் காவிரிப்பூம்பட்டினம், கப்பலும் வண்டியும் நெருக்கும் துறைமுக நகரம். அங்கே பறக்கும் கொடிகளைப் புலவர் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வருகிறார். தெய்வத்துக்கு ஒரு கொடி, வாதிட அழைக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு கொடி, கப்பலில் ஆடும் கொடி. அந்த வரிசையில் நறவு விற்கும் இடத்துக்கும் ஒரு கொடி வருகிறது. அதன் முற்றத்தில் மணல் பரப்பிப் பூத் தூவியிருக்கிறார்கள். மீனையும் இறைச்சியையும் அறுத்துப் பொரிக்கும் சத்தம் வெளியே கேட்கிறது. உள்ளே ஆட்கள் போய்வந்துகொண்டே இருக்கிறார்கள். அந்த இடத்தைப் புலவர் கடை என்று சொல்லவில்லை, அங்காடி என்றும் சொல்லவில்லை. பலரும் நுழையும் ஒரு மனை, அதாவது வீடு என்கிறார்.

ஆங்கிலேயர் 'பப்' என்று சுருக்கிச் சொல்வதன் முழுப்பெயர் 'பப்ளிக் ஹவுஸ்', பலருக்கும் பொதுவான வீடு. அங்கேயும் ஒரு காலத்தில் அடையாளம் வைப்பது கட்டாயமாக இருந்தது. மது விற்பவர் வாசலில் பலகை தொங்கவிட வேண்டும் என்று மன்னர் இரண்டாம் ரிச்சர்ட் 1393-இல் ஆணையிட்டார். லண்டனின் நெரிசலான ஃப்ளீட் தெருவில் 'செஷர் சீஸ்' என்றொரு பப் இருக்கிறது. 1666-இல் பெருந்தீயில் எரிந்து, அடுத்த ஆண்டே எழும்பியது. இன்றும் நடக்கிறது. 1755-இல் புகழ்பெற்ற ஆங்கில அகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜான்சனின் வீடு பக்கத்துச் சந்தில்தான். அவர் அங்கே வந்து குடித்தார் என்று பெருமையாகச் சொல்வார்கள். எழுத்தில் அதற்குச் சான்று கிடையாது. அகராதிக்காரர் அந்த வாசலைத் தாண்டிப் போயிருக்கமாட்டார் என்று நம்புவதும் கொஞ்சம் கஷ்டம்தான்.

யாழ்ப்பாணத்தில் கள் விற்கும் இடத்துக்குத் 'தவறணை' என்று பெயர். உள்ளே 'தவறு' ஒளிந்திருப்பதுபோல் காதில் விழும், ஆனால் அது தற்செயல். 1619 முதல் 1658 வரை அங்கே ஆண்ட போர்த்துக்கீசியரின் 'தவெர்ன' தமிழ் வாயில் தவறணை ஆயிற்று. அந்தத் தவெர்னவின் தாய் லத்தீன் 'தபெர்னா'. ரோமில் தபெர்னா என்றால் மதுக்கடை மட்டும் அல்ல. ரொட்டி, செருப்பு, புத்தகம் என எதை விற்றாலும் அது தபெர்னாதான். சாதாரணக் கடை. போகப் போகக் குடிதான் அந்தச் சொல்லைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது.

கேரளத்துக்கு வாருங்கள். ஆங்கில 'ஷாப்' மலையாளத்தில் 'ஷாப்பு' ஆகி, இன்று அடைமொழி இல்லாமல் 'ஷாப்பு' என்றால் கள்ளுக்கடைதான். லத்தீன், மலையாளம், தமிழ் மூன்றும் வெவ்வேறு காலத்தில் ஒரே காரியத்தைச் செய்திருக்கின்றன. ஒரு வித்தியாசம் உண்டு. மலையாளி அதை வாய்விட்டுச் சொல்கிறான். ஷாப்பில் கிடைக்கும் மீன் கறியும் மரவள்ளிக்கிழங்கும் ஊரறிந்த ருசி, குடிக்காதவரும் சாப்பிடப் போவார்கள். பட்டினப்பாலையின் பொரிக்கும் சத்தம் அங்கே இன்னும் கேட்கிறது.

நம் பக்கத்தில் அந்த வீடு படிப்படியாக இடிந்தது. 1937-இல் ராஜாஜி அரசு சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது. விட்டுப்போன வருமானத்துக்காக 1939-இல் விற்பனை வரி வந்தது. 1971-இல் மதுவிலக்கு தளர்ந்தது, சில ஆண்டுகளில் திரும்பவும் வந்தது, 1981-இல் மறுபடி கள்ளும் சாராயமும் வந்தன. 1987-இலிருந்து கள் தடையில் இருக்கிறது. ஓலைக் கொட்டகையும் கருவாட்டு வாசனையும் சுண்டலும் கதைகளுக்குள் போய்விட்டன. மொந்தை 'பழைய கள், புது மொந்தை' என்று பேச்சில் மட்டும் மிச்சமிருக்கிறது. இடையில் தனியார் நடத்திய காலத்தில் 'ஒயின்ஷாப்' என்றார்கள். அங்கே ஒயின் வாங்கிய ஒருவரை நான் பார்த்ததில்லை.

டாஸ்மாக் 1983-இல் மொத்த விற்பனைக்காகத் தொடங்கிய அரசு நிறுவனம். 2003 நவம்பரில் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது. முழுப்பெயர் தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம். எதை வாணிபம் செய்கிறது என்று பெயரில் இல்லை. பாடாலூர் பெரியவர் செய்ததைத்தான் அரசும் செய்திருக்கிறது: பொருளைச் சொல்லாமல் கடையை மட்டும் சொல்வது.

நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. சின்ன ஊர்களுக்கு அந்தத் தூரம் பிறகு 220 மீட்டராகக் குறைந்தது. 2017-இல் கடைகள் சாலையை விட்டு ஊருக்குள்ளும் வயல் ஓரத்துக்கும் நகர்ந்தன. பல ஊர்களில் பெண்கள் மறித்து உட்கார்ந்தார்கள். அப்போதும் பேச்சு 'கடைய மாத்திட்டாங்க', 'கடைய மூடு' என்றுதான் இருந்தது. எதிர்த்தவர்களும் அடைமொழி சேர்க்கவில்லை.

கடையின் முகப்பைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கம்பி வலை, அதில் கை நுழையும் அளவுக்கு ஒரு திறப்பு. ரூபாய் உள்ளே போகும், 180 மில்லி குவார்ட்டர் வெளியே வரும். காசு குறைந்தால் இன்னொருவரோடு சேர்ந்து 'கட்டிங்'. பக்கத்திலேயே 'பார்' இருந்தால் பிளாஸ்டிக் டம்ளர், தண்ணீர் பாக்கெட், மிக்சர். உட்கார்ந்து பேசும் இடம் என்று அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சீக்கிரம் முடித்துவிட்டுக் கிளம்பும் இடம். வீடு போய்விட்டது, வாசல் மட்டும் நிற்கிறது. கடை என்றால் பழந்தமிழில் வாசல்தானே. நிற்பதற்குச் சரியான பெயர்தான் வைத்திருக்கிறோம்.

அடுத்த நாள் காலையில் கொத்தனாரைப் பார்த்தேன். வேலை பேசி முடித்தோம். பேச்சுக்கு நடுவே அவர் மனைவி பையனைக் கூப்பிட்டு எண்ணெய் வாங்கிவரச் சொன்னார். "மளிகைக்கடைக்குப் போடா" என்றார். வெறும் கடை என்று சொல்லவில்லை.