புத்தருக்குக் கண் எழுதிய தூரிகை

இன்றைக்கு ஜப்பானின் பழைய தலைநகரமான நாராவுக்குப் போகலாம்.

கியோட்டோவில் மாணவனாக இருந்த காலத்தில், வகுப்பு இல்லாத ஒரு புதன்கிழமை நான் அங்கே போனேன். ரயிலில் முக்கால் மணி நேரம்தான். எல்லாரையும் போல மான்களுக்கு பிஸ்கட் கொடுத்தேன். ஒரு மான் என் கையிலிருந்த வரைபடத்தையும் தின்றுவிட்டது. அதை விடுங்க, தோடாய்ஜி கோயிலுக்கு வருவோம்.

உள்ளே சுமார் 15 மீட்டர் உயரத்தில் வெண்கல புத்தர். 735 முதல் 737 வரை பெரியம்மை ஜப்பானை உலுக்கியது. அதன் பிறகு, 743இல் பேரரசர் ஷோமு இந்தச் சிலைக்கு ஆணையிட்டார். 752இல் கண் திறப்பு விழா. நம்ம ஸ்தபதிகள் சிலைக்குக் கண் திறப்பாங்க இல்லையா, அதே மாதிரிதான், ஆனா இங்கே உளிக்குப் பதில் தூரிகை. அதைப் பிடித்தவர் போதிசேனர் என்ற இந்தியத் துறவி. சீனா வழியாக 736இல் ஜப்பான் வந்தவர்.

இவரை மதுரைக்காரர் என்று இணையத்தில் உறுதியாக எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அவர் இறந்து பத்து வருஷம் கழித்து, 770இல் சீடர் எழுதிய நினைவுக் குறிப்பின் தலைப்பு அவரைத் 'தென் இந்தியப் பிராமணத் துறவி' என்கிறது. அதுவே பெரிய செய்தி. அதற்கு மேல் ஊர்ப்பெயரை நாம் ஒட்டவைக்க வேண்டாம்.

விழாவில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் கயிறு. தூரிகையில் நீல நிறப் பட்டுக் கயிறு கட்டி, அதைக் கீழே இருந்தவர்கள் பிடித்துக்கொண்டார்கள், ஓய்வுபெற்ற பேரரசர் ஷோமு உட்பட. அவர் கண் எழுதும்போது எல்லாரும் சேர்ந்து எழுதிய கணக்கு. தேர் வடத்தைத் தொட்டாலே புண்ணியம் என்போமே, அப்படி.

இன்றைக்கு நாம் பார்க்கிற புத்தர் முகம் போதிசேனர் பார்த்த முகம் இல்லை. 1180 போரில் கோயில் எரிந்தது, 1567இல் மறுபடியும். இப்போதுள்ள தலை 17ஆம் நூற்றாண்டு வேலை, மண்டபம் 1709இல் முடிந்தது. பீடத்துத் தாமரை இதழ்களில் சில மட்டும் பழையவை. ஆனா அந்தத் தூரிகையும் கயிறும் அப்படியே இருக்கு! கயிறு 200 மீட்டரை நெருங்கும். 1185இல் புதுப்பித்த சிலைக்குக் கண் எழுத, ஓய்வுபெற்ற பேரரசர் கோ-ஷிரகவா இதே தூரிகையைத்தான் எடுத்தார்.

கோயிலுக்குப் பின்னால் ஐந்து நிமிட நடையில் ஷோசோயின். தூண்கள்மேல் நிற்கும் மரக் களஞ்சியம். வெளியிலிருந்துதான் பார்க்கலாம். பொருட்களைப் பக்கத்திலேயே கான்கிரீட் கட்டடங்களுக்கு மாற்றிவிட்டார்கள். ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் சிலவற்றை மட்டும் நாரா தேசிய அருங்காட்சியகத்தில் வைப்பாங்க. எவை என்பது வருஷத்துக்கு வருஷம் மாறும். போகிறவர்கள் பட்டியலைப் பார்த்துவிட்டு டிக்கெட் எடுங்க.