முற்றிய சிறுநீரகப் புற்றுநோயில் இரத்த அழற்சிக் குறிகாட்டிகள்

சிறுநீரகத்தில் தோன்றிய புற்றுநோய் நுரையீரல், எலும்பு முதலிய உறுப்புகளுக்குப் பரவிவிட்ட பின்னர், நோயின் போக்கையும் நோயாளியின் வாழ்நாளையும் மதிப்பிட உதவும் சில இரத்த அளவுகள் அழற்சிக் குறிகாட்டிகள் எனப்படுகின்றன. நியூட்ரோபில் என்னும் வெள்ளணு வகை, இரத்தத் தட்டணுக்கள், கல்லீரல் உண்டாக்கும் சி-வினைப் புரதம் ஆகியவை இவற்றுள் முதன்மையானவை. இவை புற்றணுக்களை அளப்பதில்லை. கட்டிக்கு உடல் காட்டும் எதிர்வினையையே அளக்கின்றன.

இவ்வெதிர்வினையின் மையத்தில் இன்டர்லூகின்-6 என்னும், உயிரணுக்களிடையே செய்தி கடத்தும் புரதம் உள்ளது. சிறுநீரகப் புற்றணுக்கள் பல இதனைத் தாமே சுரக்கின்றன. இது கல்லீரலைத் தூண்டிச் சி-வினைப் புரதத்தை மிகுவிப்பதோடு, தட்டணு உற்பத்தியைப் பெருக்கும் திராம்போபொயட்டினையும், இரும்பைச் சேமிப்பிடங்களிலேயே முடக்கி இரத்தசோகையை விளைவிக்கும் ஹெப்சிடினையும் கூட்டுவதால், தொடர்பற்றவை போலத் தோன்றும் மாற்றங்கள் பல ஒரே ஊற்றிலிருந்து எழுகின்றன. 1961 இல் ஸ்டாஃபர் விவரித்த, கல்லீரலுக்குப் புற்று பரவாமலே அதன் செயல்பாடு சீர்குலையும் நிலையும் இப்புரதத்தோடு தொடர்புபடுத்தப்படுகிறது.

1999 இல் மோட்சரும் அவருடைய குழுவினரும் நோயின் போக்கை மதிப்பிட வகுத்த அளவுகோலில் இரத்தசோகை இருந்ததேயன்றி நியூட்ரோபிலோ தட்டணுவோ இடம்பெறவில்லை. 2009 இல் டேனியல் ஹெங் குழுவினர், இரத்தநாள வளர்ச்சியைத் தடுக்கும் மருந்துகள் பெற்ற 645 நோயாளிகளை ஆராய்ந்து, அவ்விரண்டின் மிகுதியையும் சேர்த்தனர். அன்றாடச் செயல்திறன் குறைவு, நோயறிந்து ஓராண்டுக்குள் மருந்து தேவைப்படுதல், இரத்தசோகை, கால்சிய மிகுதி ஆகியவற்றோடு இவை ஆறு கூறுகளாயின. ஒரு கூறும் இல்லாதோரில் 75 விழுக்காட்டினர் ஈராண்டு கடந்து வாழ்ந்திருக்க, மூன்றும் அதற்கு மேலும் உள்ளோரில் 7 விழுக்காட்டினரே அவ்வாறு வாழ்ந்தனர்.

நியூட்ரோபில் எண்ணிக்கையை லிம்போசைட் என்னும் மற்றொரு வெள்ளணு வகையின் எண்ணிக்கையால் வகுத்துப் பெறும் விகிதம் வழக்கமான இரத்த அணுப் பரிசோதனையிலிருந்தே கிடைப்பதால், அதற்குத் தனிச் செலவு இல்லை. விகிதம் உயர்ந்தோரின் வாழ்நாள் குறைவதைப் பல ஆய்வுகள் காட்டினாலும், எந்த எண்ணுக்கு மேல் ‘உயர்வு’ என்பதில் ஒருமை இல்லை. 3, 4, 5 என வரம்புகள் மாறுகின்றன. மேலும் நோய்த்தொற்றும் ஸ்டீராய்டு மருந்துகளும் நியூட்ரோபிலைக் கூட்டுமாதலால், ஒரே ஒரு பரிசோதனையை நம்பி முடிவெடுப்பது பொருத்தமன்று.

நோயின் போக்கை உரைக்கும் குறிகாட்டி, எந்த மருந்து பலிக்கும் என்பதையும் உரைக்க வேண்டுமென்பதில்லை. இவ்விரண்டும் அடிக்கடி ஒன்றாகக் கொள்ளப்படுகின்றன. அழற்சி மிகுந்தோர் எம்மருந்து பெற்றாலும் பொதுவாகப் பின்தங்குகின்றனர். எனினும் 2018 இல் வெளியான செக்மேட் 214 ஆய்வில், ஹெங் அளவுகோலின்படி இடைநிலை, மோசம் எனப் பிரிக்கப்பட்டோருக்கு நிவோலுமாபும் இபிலிமுமாபும் சேர்ந்த நோயெதிர்ப்புச் சிகிச்சை, இரத்தநாள வளர்ச்சியைத் தடுக்கும் சுனிட்டினிப் மருந்தைவிட நீண்ட வாழ்நாளைத் தந்ததால், அவ்வளவுகோல் சிகிச்சைத் தேர்விலும் இடம்பெறலாயிற்று.