கடன்பட்ட மனிதர்: கிறித்தவப் புனிதர் – விலங்குத் தொன்மங்கள் பற்றிய ஓர் ஆய்வு

1. ஆய்வின் எல்லை

கிறித்தவப் புனிதர்களையும் விலங்குகளையும் இணைக்கும் கதைகளை அற்புதங்கள் என்ற ஒரே தலைப்பில் அடக்கிவிடுவது வழக்கம். கொடிய விலங்கு அடங்குகிறது. அதனால் புனிதரின் தூய்மை மெய்ப்படுகிறது. மூன்று நாள் பட்டினி கிடந்த கோவேறு கழுதை, தீனியைத் திரும்பிப் பாராமல் பதுவை அந்தோனியார் ஏந்திய நற்கருணைமுன் மண்டியிட்ட கதை இவ்வகைக்குத் தக்க சான்று. இத்தகைய கதைகளில் என் மனம் ஒன்றியதில்லை. நற்கருணை பற்றிய வாதத்தில் அந்தோனியார் வென்றபின் அந்தக் கழுதையை யாரும் நினைப்பதில்லை. மனிதர் விலங்குக்குக் கடன்படுகிற கதைகள் வேறு தரத்தவை. அவற்றையே இங்கு ஆராய்கிறேன்.

2. உடன்படிக்கையும் பழியும்

2.1 குப்பியோ ஓநாய்

அசிசி பிரான்சிஸ் 1226இல் இறந்தார். அடுத்த சில ஆண்டுகளிலேயே செலானோ தோமா எழுதிய முதல் வரலாற்றில் பறவைகளுக்கு ஆற்றிய உரை உண்டு. குப்பியோ நகரத்தை அச்சுறுத்திய ஓநாயின் கதை அதில் இல்லை. அது 14ஆம் நூற்றாண்டுத் தொகுப்புகளில்தான் விரிவாக வருகிறது. எனவே வரலாற்றுச் சான்றாக அது மெலிந்தது. ஆயினும் அதன் அமைப்பு என்னை வியக்க வைக்கிறது. ஓநாய் பசியால்தான் கொன்றது என்று பிரான்சிஸ் வெளிப்படையாகச் சொல்கிறார். பிறகு இருதரப்பையும் பிணைக்கிறார்: ஓநாய் யாரையும் தீண்டக் கூடாது, ஊரார் அதற்கு நாள்தோறும் சோறிட வேண்டும். இரண்டாண்டுகள் வீடுவீடாகச் சென்று உண்ட ஓநாய் முதுமையில் இறந்தபோது ஊரே வருந்தியதாம். ஓநாய் அடங்கியதைவிட ஊர் தன் வாக்கைக் காத்ததே எனக்குப் பெரிய அற்புதம்.

2.2 யோர்தான் சிங்கம்

புனித எரோணிமுஸின் ஓவியங்களில் காலடியில் படுத்திருக்கும் சிங்கம் உண்மையில் இன்னொருவருடையது. யோர்தான் ஆற்றங்கரையில் 5ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கெராசிமுஸ் என்ற துறவி, பாதத்தில் முள் தைத்த சிங்கத்தைக் குணப்படுத்தினார். இதை ஜான் மோஸ்குஸ் எழுதிவைத்தார். பெயரொற்றுமையால் பின்னாளில் மேற்கே எரோணிமுஸுக்கு மாறியிருக்கலாம். முள்ளை எடுத்த காட்சியையே எல்லோரும் வரைகிறார்கள். எனக்கு அதன் பிற்பகுதியே முக்கியம். சிங்கத்தின் காவலில் மேய்ந்த மடத்துக் கழுதையை ஒட்டகக்காரன் ஓட்டிச் செல்கிறான். சிங்கமே தின்றுவிட்டதென்று பழி விழுகிறது. கழுதை சுமந்த தண்ணீரை அது சுமக்கிறது. பின்னர் கழுதையைக் கண்டு மீட்டு வந்தபோதுதான் வீண்பழி என்பது துறவிக்குப் புரிகிறது. புனிதரும் தவறாகத் தீர்ப்பளிப்பார் என்பதை மறைக்காமல் சொன்னதற்காகவே இக்கதையை மதிக்கிறேன்.

3. கொல்லப்பட்ட நாய்

பழி உயிரையே குடித்தால்? பிரான்சின் லியோன் நகருக்கு வடக்கே தோம்ப் பகுதியில் வழங்கிய கதை இது. 13ஆம் நூற்றாண்டில் டொமினிக்கன் துறவி பூர்போன் ஸ்தேவான் பதிவு செய்தார். தொட்டிலை நெருங்கிய பாம்பை வேட்டைநாய் கடித்துக் குதறியது. இரத்தம் படிந்த வாயைக் கண்ட பிரபு, குழந்தையைத் தின்றுவிட்டதென்று நாயை வாளால் வெட்டினார். குழந்தை நலமாக இருந்தது. உண்மை தெரிந்ததும் நாயைக் கிணற்றிலிட்டுக் கல் குவித்து, பக்கத்தில் மரம் நட்டார்கள்.

இதைக் கேட்கும் தமிழருக்கு, குழந்தையைக் காத்தும் வீணே கொல்லப்பட்ட கீரிப்பிள்ளையின் கதை நினைவுக்கு வராமல் இராது. பஞ்சதந்திரத்திலும் அக்கதை உண்டு. கீரியைக் கொன்ற பார்ப்பனியின் துயரைச் சிலப்பதிகார அடைக்கலக் காதையும் சொல்கிறது. அங்கே பாவத்தைத் தீர்க்கக் கோவலன் தன் பொருளைத் தருகிறான். கொன்றவளுக்குக் கழுவாய் கிடைக்கிறது; இறந்த கீரிக்கு ஒன்றுமில்லை. தோம்ப் உழவர்கள் மறுதிசையில் சென்றார்கள். குற்றமின்றி மாண்ட நாயைக் கினேஃபோர் என்ற பெயரில் மறைசாட்சியாக வணங்கினார்கள். நோயுற்ற பிள்ளைகளை அதன் சமாதிக்குத் தூக்கி வந்தார்கள். திருச்சபை ஏற்காத புனிதர் அவர். நான் வாசித்தவற்றுள் இதைப் போல் நெஞ்சைப் பிசைந்த கதை வேறில்லை.

3.1 ஸ்தேவானின் எதிர்ப்பு

இந்த வழிபாட்டை எதிர்த்த ஸ்தேவானை வெறும் ஒடுக்குமுறையாளர் என்று தள்ளிவிட என்னால் இயலவில்லை. குழந்தையை ஆடையின்றி மரத்தடியில் கிடத்தி, மெழுகுவர்த்தி எரிந்து தீரும்வரை தாய் விலகியிருக்கும் சடங்கு அங்கே நடந்தது. அதில் குழந்தைகள் தீயில் வெந்து இறந்ததையும் அவரே எழுதுகிறார். அதைத் தடுத்தது நியாயம். நாயின் எலும்புகளைத் தோண்டி, மரங்களையும் வெட்டிச் சேர்த்து எரித்தது மட்டும் என்னால் ஏற்க முடியாதது. சடங்கை ஒழிக்க நன்றியையும் எரிக்க வேண்டியதில்லை. எரித்தும் வழிபாடு நிற்கவில்லை. 19ஆம் நூற்றாண்டிலும் தாய்மார் அந்த இடத்துக்கு வந்துகொண்டிருந்தார்கள். வரலாற்றாசிரியர் ழான்-குளோத் ஷ்மிட் 1979இல் வெளியிட்ட நூல் இந்த நீண்ட தொடர்ச்சியைத்தான் ஆராய்கிறது.