லிஃப்ட் ஓட்டிய போர் விமானி

1950கள்ல நியூயார்க் ராக்ஃபெல்லர் சென்டர்ல ஒரு கறுப்பினப் பெரியவர் லிஃப்ட் ஆபரேட்டரா இருந்தார். பேரு யூஜின் புல்லார்ட். அமெரிக்கக் கறுப்பர்கள்ல முதல் போர் விமானி இவர்தான்னு அந்த லிஃப்ட்ல ஏறி இறங்கினவங்கள்ல எத்தனை பேருக்குத் தெரிஞ்சிருக்கும்?

1895ல ஜார்ஜியா மாநிலம் கொலம்பஸ்ல பிறந்தவர். அப்பாவைக் கொல்ல ஒரு வெள்ளைக் கும்பல் வீடு தேடி வந்ததைச் சின்ன வயசிலேயே பார்த்தவர். பிரான்சுல நிறம் பார்க்க மாட்டாங்கன்னு அப்பா சொன்னது மனசுல ஒட்டிக்கிச்சு. வீட்டை விட்டு ஓடி, 1912ல கப்பல்ல ஒளிஞ்சு ஸ்காட்லாந்து போய், குத்துச்சண்டை போட்டுப் பொழைச்சு, ஒருவழியா பாரீஸ் சேர்ந்தார்.

1914ல போர் வந்ததும் பிரெஞ்சுப் படையில சேர்ந்தார். 1916ல வெர்டன்ல கால்ல பலத்த காயம். இனி காலாட்படைக்கு ஆக மாட்டார்னு ஆயிடுச்சு. மனுஷன் அசரலையே! விமானியாகிக் காட்டறேன்னு நண்பர்கிட்ட 2000 டாலர் பந்தயம் கட்டி, 1917 மே மாசம் லைசென்ஸ் வாங்கிட்டார். கிட்டத்தட்ட இருபது தடவை போருக்குப் பறந்திருக்கார்.

அதே வருஷம் அமெரிக்காவும் போர்ல குதிச்சது. பிரான்சுக்காகப் பறந்துட்டிருந்த அமெரிக்க விமானிகளைத் தன் படைக்கு எடுத்துக்கிச்சு. புல்லார்டும் விண்ணப்பம் போட்டார். மருத்துவப் பரிசோதனையில தேறினார். ஆனா எடுத்துக்கலை. காரணம் வேறென்ன, தோல்தான். அமெரிக்க ராணுவம் கறுப்பர்களுக்கு விமானப் பயிற்சி கொடுக்க ஆரம்பிச்சதே 1941லதான்!

1940ல ஜெர்மன் படை பிரான்சுக்குள்ள நுழைஞ்சப்ப மறுபடியும் துப்பாக்கி தூக்கினார். காயம் பட்டு அமெரிக்கா திரும்பினார். அங்கே கிடைச்ச வேலைகள்ல ஒண்ணுதான் அந்த லிஃப்ட்.

பிரான்ஸ் அவரை மறக்கலை. 1954ல பாரீசுக்கு வரவழைச்சு, பேர் தெரியாத போர்வீரன் கல்லறையில சுடரை ஏத்த வெச்சது. 1959ல செவாலியே விருது கொடுத்தது. அந்த வருஷம் டிசம்பர்ல என்பிசி டிவி பேட்டிக்கு அவர் வந்தது லிஃப்ட் ஆபரேட்டர் யூனிஃபார்ம்ல!

1961ல காலமானார். 1994ல அமெரிக்க விமானப்படை அவருக்கு செகண்ட் லெஃப்டினன்ட் பதவி கொடுத்தது. இறந்து 33 வருஷம் கழிச்சு.

யோசிச்சுப் பாருங்க. அவருக்குப் பறக்கத் தெரியும்ங்கிறது 1917லயே தெரிஞ்ச விஷயம். 1994ல புதுசா எந்தத் தகுதியும் வந்து சேரலை. மாறினது அவர் இல்லை, பார்த்தவங்க கண்ணு. தாமதமா வந்த மரியாதையும் மரியாதைதான், மறுக்கலை. ஆனா வாங்கிக்க ஆள் இல்லையே மக்கா!