கண்டென்சரின் முதுகில் எழுதியிருப்பது

பிரதி என்றால் கவிதை, நாவல் என்றே நமக்குப் பழகிவிட்டது. நான் வாசிக்க எடுத்துக்கொள்வது சுண்டுவிரல் நகமளவு கூட இல்லாத ஒரு செராமிக் கண்டென்சரை. மேலே 104 என்று இருக்கிறது. நூற்று நாலு என்று படித்தால் போச்சு. பத்து, அதன்பின் நான்கு சுழி: 1,00,000 பிக்கோ ஃபாரட், அதாவது 0.1 மைக்ரோ ஃபாரட். கூடவே 'கே' என்ற எழுத்து இருந்தால் அது ஆயிரம் இல்லை. சொன்ன அளவுக்குப் பத்து சதவீதம் கூடலாம், குறையலாம் என்று கம்பெனிக்காரன் முன்கூட்டியே வாங்கிக்கொள்ளும் மன்னிப்பு.

இந்த மொழி யாருக்காக உண்டானது? பிரிட்டிஷ் கடற்படை 1745-46இல் கண்டுபிடிக்கப்பட்ட லெய்டன் ஜாடியின் நினைவாக 'ஜாடி' கணக்கிலேயே இருபதாம் நூற்றாண்டிலும் அளந்துகொண்டிருந்தது. 900 ஜாடி ஒரு மைக்ரோ ஃபாரட். பழைய ஜெர்மன் ரேடியோக்களில் சென்டிமீட்டர் என்று போட்டிருக்கும். ஃபாரட் என்ற பெயரை 1861இல் முன்மொழிந்த லாட்டிமர் கிளார்க், சார்ல்ஸ் பிரைட் இருவரும் தந்திக் கம்பிப் பொறியாளர்கள். கடலடிக் கம்பி என்பதே ஒரு நீளமான கண்டென்சர்தான்: உள்ளே செம்பு, சுற்றிலும் மின்காப்பு, வெளியே கடல். அது மின்சாரத்தைத் தேக்கித் தேக்கிச் செய்தியைத் தாமதப்படுத்தியது. எவ்வளவு தேக்குகிறது என்று தெரியாமல் சாம்ராஜ்யம் பேச முடியாது. இந்தியாவை பிரிட்டனோடு இணைத்த பாரசீக வளைகுடாக் கம்பியை 1864இல் இட்டவர் இதே பிரைட். 1881இல் பாரிஸ் மாநாடு ஃபாரட்டை உலகத்துக்கே அலகாக்கியது.

குறிப்பானுக்கும் குறிப்பீட்டுக்கும் இயற்கையான உறவு இல்லை என்று சசூர் சொன்னது ரிப்பேர் மேசையில் புகையோடு விளங்கும். அலுமினிய எலக்ட்ரோலைட்டிக்கில் பட்டை போட்ட பக்கம் மைனஸ். டாண்டலம் வகையில் அதே பட்டை பிளஸ். மாற்றிப் போட்டால் வெடிக்கும்.

ஆனால் என்னை உறுத்துவது எழுதாமல் விட்டது. கொள்ளளவு, வோல்டேஜ், துருவம் எல்லாம் வாங்குகிறவனுக்கான சேதி. உள்ளே ஊற்றியிருந்த எண்ணெயைக் கையாண்ட தொழிலாளிக்கும், ஆலைக்குக் கீழே மீன் பிடித்தவனுக்கும் அதில் என்ன இருந்தது? அமெரிக்காவில் ஹட்சன் ஆற்றங்கரையில் ஹட்சன் ஃபால்ஸ், ஃபோர்ட் எட்வர்ட் ஆகிய இரண்டு ஊர்களில் ஜெனரல் எலக்ட்ரிக் கண்டென்சர் செய்தது. சுமார் 1947 முதல் 1977 வரை அங்கிருந்து 13 லட்சம் பவுண்டு வரை பாலிகுளோரினேட்டட் பைஃபினைல் ஆற்றில் கலந்ததாக அந்நாட்டுச் சுற்றுச்சூழல் முகமை மதிப்பிடுகிறது. பெட்டியின்மேல் அந்தக் கம்பெனி அச்சிட்ட பெயர் 'பைரனால்'. வியாபாரப் பெயர் ரசாயனத்தை மறைக்க எவ்வளவு வசதி, பாருங்கள்.

1976இல் சட்டம் வந்தது. அதன்படி 1978 முதல் இருபது வருஷம், அந்த நஞ்சு கலக்காத பெரிய கண்டென்சர்களில் 'நோ பிசிபி' என்று பொறித்தாக வேண்டும். (பிசிபி என்றால் சர்க்யூட் போர்டு என்று மட்டும் அறிந்த நம்மாட்கள் பழைய டியூப்லைட் சோக்கில் இதைப் பார்த்துக் குழம்பியிருக்கலாம்.) இல்லை என்று எழுத ஆரம்பித்தபோதுதான், எழுதாத பழைய பெட்டிகளில் என்ன இருந்தது என்பது வாசிக்கக் கிடைத்தது.

அதே 1976இல் மேல் ஹட்சனில் மீன்பிடிப்பைத் தடை செய்தார்கள். 1995இல் பிடிக்கலாம், உடனே தண்ணீரில் விட்டுவிட வேண்டும் என்று தளர்த்தினார்கள். 2009 முதல் 2015 வரை ஆற்றின் அடிச்சேற்றைத் தோண்டி எடுத்தார்கள். பிடித்த மீனை விட்டுவிடச் சொல்லும் பலகைகள் கரையில் நட்டிருக்கின்றன.