மேலை மெய்யியல்: பல்கலைக்கழகப் பாடமான வரலாறு

மேலை மெய்யியலைப் பட்டப்படிப்பாக எடுக்கும் மாணவர் அதை இரு வழிகளில் சந்திக்கிறார். ஒன்று அளவையியல், அறவியல், அறிவாராய்ச்சியியல், மெய்ப்பொருளியல் என்னும் கிளைகள். மற்றொன்று பண்டைக் காலம், இடைக்காலம், நவீன காலம் என்னும் வரலாற்று வரிசை. இந்தப் பகுப்புகள் இன்றைய வடிவத்தைப் பெற்றதில் வகுப்பறைக்கும் தேர்வுக்கும் பெரும் பங்கு உண்டு.

பிளேட்டோவின் அகாதெமி பட்டம் வழங்கிய நிறுவனம் அன்று. பட்டத்துக்குரிய பாடமாக மெய்யியல் நிலைபெற்றது இடைக்கால ஐரோப்பாவில். அதற்குப் பாரிஸ் பல்கலைக்கழகத்தைப் போல நல்ல சான்று வேறில்லை. அங்கே இறையியல், சட்டம், மருத்துவம் ஆகியவை உயர்புலங்கள். அவற்றுக்குப் போகுமுன் மாணவர்கள், பெரும்பாலும் பதின்பருவத்தினர், கலைப்புலத்தில் படித்தார்கள். அரிஸ்டாட்டிலின் இயற்கை நூல்களைக் கற்பிக்க 1210இல் திருச்சபை தடை விதித்தது. 1215இன் விதிகள் அவருடைய அளவையியலைக் கட்டாயமாக்கி, இயற்கை நூல்களுக்கும் மெய்ப்பொருளியலுக்கும் தடையை நீட்டித்தன. ஆனால் 1255இல் அதே கலைப்புலம் அப்போது கிடைத்த அரிஸ்டாட்டில் நூல்கள் அனைத்தையும் பாடத்திட்டத்தில் சேர்த்துக்கொண்டது. 45 ஆண்டுகளில் தடைநூல் பாடநூலாகிவிட்டது! பூசல் அதோடு அடங்கவில்லை. உலகம் தொடக்கமற்றது என்பது உள்ளிட்ட 219 கருத்துகளை 1277இல் பாரிஸ் ஆயர் எத்தியேன் தாம்பியே கண்டித்து ஆணையிட்டார்.

கிளைகளுக்கு ஒழுங்கு கொடுத்தவர்களுள் ஹாலே பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டியன் வோல்ஃப் முக்கியமானவர். உள்ளதன் இயல்பு, உலகம், ஆன்மா, கடவுள் என்று மெய்ப்பொருளியலை அவர் நான்காகப் பிரித்தது ஜெர்மன் பாடநூல்களின் சட்டகமாயிற்று. சமய வெளிப்பாடு இல்லாமலே சீனர்கள் சிறந்த அறநெறியை எட்டினர் என்று 1721இல் அவர் ஆற்றிய உரை இறையியலாளர்களுக்குச் சினமூட்டியது. 48 மணி நேரத்துக்குள் வெளியேறாவிட்டால் தூக்கு என்று 1723இல் பிரஷ்ய மன்னர் ஆணை பிறப்பித்தார். அடுத்த மன்னர் 1740இல் வோல்ஃபைத் திரும்ப அழைத்தார். வோல்ஃப் வழிவந்த பௌம்கார்ட்டனின் நூலை வைத்துத்தான் கோனிக்ஸ்பெர்க்கில் காண்ட் பல்லாண்டுகள் மெய்ப்பொருளியல் கற்பித்தார். அந்த மரபையே தகர்த்தவர், வகுப்பில் அதன் பாடநூலைக் கைவிடவில்லை. கீழ்ப்புலமான மெய்யியலுக்கு உயர்புலங்களை ஆராயும் உரிமை உண்டு என்று 1798இல் அவர் வாதிட்டார். 1810இல் தொடங்கிய பெர்லின் பல்கலைக்கழகத்தில் மெய்யியல் புலம் ஆய்வின் மையமாக உயர்ந்தது; ஃபிக்டேயும் பின்னர் ஹெகலும் அங்கே கற்பித்தனர்.

மெய்யியலின் வரலாற்றை மெய்யியலின் ஒரு பகுதியாகவே நடத்தும் வழக்கம் வலுப்பெற்றதில் ஹெகலின் விரிவுரைகளுக்குப் பெரும் பங்குண்டு. இன்றும் தேர்வுத்தாளில் வரும் பிரிவினை, அதாவது ஒருபுறம் பகுத்தறிவுவாதிகளான டேக்கார்ட், ஸ்பினோசா, லைப்னிஸ், மறுபுறம் அனுபவவாதிகளான லாக், பெர்க்லி, ஹியூம் என்பது, 19ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர்கள் நிலைநாட்டியது. மனப்பாடத்துக்கு வசதி, உண்மைக்கு அவ்வளவு நெருக்கமில்லை. பகுத்தறிவுவாதி எனப்படும் டேக்கார்ட் விலங்குகளை அறுத்து உடற்கூறு ஆராய்ந்தவர். இன்னொரு வேடிக்கை: பாடத்தில் இவ்வளவு இடம்பிடித்த இவர்களில் பலர் பேராசிரியர்களே அல்லர். ஹைடல்பெர்க் 1673இல் அழைத்தபோது ஸ்பினோசா மறுத்துவிட்டார். ஹியூம் எடின்பரோவில் பதவி கேட்டார். சமய நம்பிக்கை அற்றவர் என்ற ஐயத்தால் 1745இல் அது கைநழுவியது. உடலற்ற மனம் உடலை எப்படி அசைக்கும் என்று 1643இல் டேக்கார்ட்டை மடக்கிய பொஹீமிய இளவரசி எலிசபெத், பாடத்திட்டங்களில் இடம்பெறத் தொடங்கியதோ அண்மையில்தான்.

இதற்கிடையே மெய்யியலிலிருந்து துறைகள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. 1879இல் லைப்சிக்கில் உளவியல் ஆய்வகம் அமைத்த வுண்ட், மெய்யியல் பேராசிரியர் பதவியில் இருந்தவர். மாறாக, ஆக்ஸ்ஃபர்டு 1920இல் அரசியல், பொருளியலோடு மெய்யியலைச் சேர்த்துப் புதிய பட்டப்படிப்பைத் தொடங்கியது. பிற்காலப் பிரிட்டிஷ் பிரதமர்கள் பலர் அதில் பயின்றவர்கள்.

காலனிய ஆட்சியில் இப்பாடம் சென்னைக்கும் வந்தது. சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் ஐரோப்பிய மெய்யியல் பயின்ற ராதாகிருஷ்ணன், வேதாந்தத்தில் அறத்துக்கு இடமில்லை என்ற விமரிசனத்துக்கு விடையாக முதுகலை ஆய்வேட்டை எழுதினார். 1908இல் அது அச்சேறியது. 1936இல் ஆக்ஸ்ஃபர்டு அவரைக் கீழைச் சமயங்கள், அறவியல் பேராசிரியராக்கியது.